பால்கனித் துளசியில் சாம்பல் நோய்

ஜனவரி 19, ஞாயிறு

பால்கனித் துளசியின் இலைகளில் கோலமாவு தூவியதுபோல வெள்ளை. மாமியார் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு இன்று மூன்றாம் நாள்.

"லாவண்யா, நீ கிட்டப் போனியோ?"

"இல்லம்மா."

"பின்னே? தீட்டுப் பட்டாத்தான் துளசி இப்படி ஆகும். நாப்பது வருஷமா இந்தாத்துல ஒரு இலை வாடினதில்லே. இனிமே அந்த மூணு நாள் பால்கனிக் கதவையே திறக்காதே."

ஸ்ரீஹரி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டான். கட்டின புருஷன்! இந்த வீட்டில் எனக்குக் கொஞ்சம் காற்று வருகிற ஒரே இடம் அந்தப் பால்கனி. நான் செடியைத் தொடவில்லை. தொட்டிருந்தாலும்தான் என்ன? என் உடம்பிலிருந்து வெள்ளைப் பொடியா பறக்கிறது?

திறப்பேன். பார்த்துவிடலாம்.

ஜனவரி 22, புதன்

ஆபீஸ் முடிந்து ராயப்பேட்டையில் மெஹபூப் அலி பாயின் நர்சரிக்குப் போனேன். போட்டோவைப் பார்த்ததும் சிரித்தார்.

"சாம்பல் நோவும்மா இது. பனிக்காலத்துல வரும். வெயிலு, காத்து இல்லாத எடத்துல ஈரமாவே கீதா?"

"இல்லையே. நல்ல வெயில் வர்ற பால்கனி."

"நோவு புடிச்ச எலைய கத்திரிச்சு கவர்ல போட்டு கடாசிடு. ஒரு பங்கு பாலு, ஒம்போது பங்கு தண்ணி. காலைல அடி. தண்ணிய மண்ணுல ஊத்து, எலை மேல வாணாம்."

வரும் வழியில் மாட வீதியில் ஸ்ப்ரே பாட்டில் வாங்கினேன்.

ஜனவரி 24, வெள்ளி

துளசி பறிக்க வெள்ளி கூடாது, செவ்வாய் கூடாது, துவாதசி கூடாது, பொழுது சாய்ந்தால் கூடாது. நோய் மட்டும் பஞ்சாங்கம் பார்த்தா பரவுகிறது? கத்தரிக்கோலை எடுத்தேன். பாதிச் செடி போயிற்று.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மொட்டையடிச்சுட்டியே!"

"வெள்ளிக்கிழமைன்னு டாக்டர் வைத்தியம் பாக்கமாட்டாரா?"

மாமியார் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

மூன்று தடவை பால் அடித்தாயிற்று. புதுத் துளிரிலும் வெள்ளை. தோற்றுவிட்டேனா? அழுகையாக வருகிறது. மாமியார் முன்னால் அழமாட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

லீவு நாள் என்பதால் காலையிலிருந்தே பால்கனியில் நின்றேன். மாமியாரின் மடிப் புடவை — ஒன்பது கஜம். யார் கையும் படாதபடி கோலால் உயரக் கொடியில் போடுகிறார். அது நேரே துளசி மேல் சொட்டுகிறது. மத்தியானம் வரை வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. டிசம்பரில் ஏசி மாட்டியபோது கொடியை இந்தப் பக்கம் நகர்த்தினோமே! ஆக, என் தீட்டு இல்லை. அவர் மடி.

புடவையைக் கையாலேயே பிடித்து மறுகோடிக்கு இழுத்தேன்.

"ஐயோ, மடி! தொட்டுட்டியே!"

"திரும்ப நனைச்சுக்கோங்கோ. ஆனா இங்கே போடாதீங்கோ. இலையைத் தொட்டுப் பாருங்கோ, எப்படி நனைஞ்சிருக்குன்னு."

தொட்டுப் பார்த்தார். ஈர விரலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

புடவை மறுகோடியில் காய்கிறது. நான் போடவில்லை.

பிப்ரவரி 15, சனி

இரண்டாம் நாள். வேண்டுமென்றே பால்கனிக் கதவை அகலத் திறந்து காபியோடு நின்றேன். துளசியில் நல்ல பச்சைத் துளிர். பின்னால் மாமியார் வரும் சத்தம் கேட்டதும் சண்டைக்குத் தயாரானேன்.

தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

"இடுப்பு பிடிச்சுண்டிருக்கு, குனிய முடியலே. நீ விடு. இலைல படாம, வேர்ல."

"எனக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள்."

"தெரியும்" என்றார், செம்பை நீட்டியபடியே.