பதிவை வெட்டியவருக்கு

உமது மனைவி நேற்று வந்து உமது பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தந்தார். "அவர் போய் ஒரு வருசமாகுது. இதிலை கந்தோர்ச் சாமான் எண்டு எழுதியிருக்கு, உங்களுக்குத் தேவைப்படும்" என்றார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னாரில் இரண்டே கதிரை போட்ட அலுவலகம், நம் கந்தோர். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனத்தின் நிவாரணப் பட்டியல் நம் கையில். யார் எதை மாற்றினாலும் பெயரோடும் நேரத்தோடும் பதிந்துவைக்கும் மென்பொருளில் அதை வைத்திருந்தோம். ஒரு நாள் நீர் இரட்டைப் பெயர்களை நீக்கப் போனீர். மேரி, தகப்பன் அந்தோனி என்றால் ஒரே ஆள்தானாம்; ஒருத்தியை விட்டு மற்றவர்களை நீக்கிப் பதிந்தீர். நீர் என்ன கொழும்பிலிருந்தா வந்தீர்? இந்தக் கரையில் பிறந்த மனிதர். கோயில் வாசலில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரியாதா?

உமது பிழையை அறியாமல் நான் பாப்பாமோட்டையிலிருந்து வந்த குடும்பங்களை உமது பதிவின் மேல் அடுத்த பதிவாக ஏற்றினேன். பிறகுதான் உமக்குப் பிழை விளங்கியது. அதைப் பழையபடி திருப்பும் இன்னொரு பதிவு போட்டிருந்தால் பட்டியல் சரியாகியிருக்கும். உமது பிழையும் உமது பெயரில் தெரிந்திருக்கும். அதுதான் உமக்குப் பொறுக்கவில்லை. சேர்வரில் இருந்த பதிவு வரலாற்றையே உமது பிழைக்கு முந்திய இடத்தோடு வெட்டினீர். அதோடு, பிறகு நான் ஏற்றியதும் போனது. "சேர்வர் குழம்பிப்போச்சு. உம்மட கொம்பியூட்டரிலை இருக்கிற கொப்பியை அழிச்சுப்போட்டுப் புதுசா எடும்" என்றீர். நம்பி அழித்தேன்.

நிவாரணம் கொடுத்த அன்று அந்தக் குடும்பங்களின் பெயர் பட்டியலில் இல்லை. "நீர் ஏத்தவேயில்லையே" என்று பொறுப்பாளர் என்னைக் கேட்டபோது, அடுத்த கதிரையில் நீர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர். அந்தக் கிழமை முடியுமுன்னே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இன்று டிஸ்க்கைத் திறந்தேன். உமது பிழை, அதன் மேல் என் பதிவு, என் பெயர், நேரம், எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. என்னை அழிக்கச் சொல்லிவிட்டு நீர் மட்டும் வைத்திருந்திருக்கிறீர். மனம் உறுத்தியதா, பயமா, எனக்கு அக்கறையில்லை.

இன்றும் இதே தொழில்தான் செய்கிறேன். என் பிழைகளை என் பெயரிலேயே திருப்புகிறேன். உம்மைப்போல ஆகிவிடக் கூடாது என்ற வெறுப்பு ஒன்று போதும் அதற்கு.

அன்று வெறும் பையோடு நின்ற ஒரு தாய் என்னைக் கேட்டார்: "பிள்ளை, உம்மட்டைத்தானே பேர் குடுத்தனாங்கள். ஏன் எழுதேல்லை?" எழுதினேன் அம்மா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இருக்கவில்லை. இன்று கையில் இருக்கிறது. அந்தச் சனம் பிறகு எந்தப் பக்கம் ஓடியது, யார் மிஞ்சினார்கள் என்று தெரியாது. இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, சொல்லும்.