கொண்டல் வகுப்புக் கப்பல்களும் நான் விட்டுப் படித்த வரிகளும்

1965 செப்டம்பர் 6, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கெல்லாம் வெயில். குற்றாலத்தில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். ஆறாம் வகுப்புக்குப் பூசணிக்காய் வரையக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சென்னையிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கடிதம். பாகிஸ்தானோடு சண்டை நேரமாம், வாசகர்கள் சூடாக எதிர்பார்க்கிறார்களாம். என் தொடர்கதையில் ஒரு கப்பலாவது மூழ்க வேண்டுமாம். ஒன்பது வருஷமாகப் பவளநாட்டுக் கடற்படையை எழுதுகிறேன், இதுவரை ஒரு படகுகூட மூழ்கியதில்லை. இத்தனைக்கும் நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மட்டும்.

மறக்காமல் இருக்க, கொண்டல் வகுப்பு:
கொண்டல், கோடை, வாடை, தென்றல். நான்கும் வேகப் போர்க்கப்பல்.
நீளம் 810 அடி. பெரிய பீரங்கி 9.
வேகம் மணிக்கு 33 கடல் மைல். அதற்காக, தண்ணீருக்குக் கீழே கவசத் தகட்டின் கனம் பாதி.

இந்தக் கப்பல்களை முதலில் வரைந்தபோது மகன் குமரேசனுக்குப் பன்னிரண்டு வயது. அடியில் கொதிகலன் அறையில் நிற்பவன், குண்டு பட்டால் எப்படி ஏறி வருவான் என்று கேட்டான். இவ்வளவு வேகமாகப் போவதை யாரால் அடிக்க முடியும் என்றேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது. தென்றலில் கொதிகலன்காரன் ஒருவனுக்குத் தன் பேரை வைக்கச் சொன்னான். வைத்தேன்.

இப்போது அவன் நிஜக் கடற்படையில். கடிதம் வந்து ஐந்து வாரம். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவன் அம்மா வடிவு வாசலில்தான் நிற்கிறாள்.

செப். 8, புதன்

புழுக்கம். குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது.

யாரும் படிக்காத நோட்டு. எழுதியே விடுகிறேன். பதினேழு வயதுப் பையன் கடற்படையில் சேர வேண்டுமென்றால் அப்பன் கையெழுத்து வேண்டும். கேட்டான், போட்டேன். பெண்டாட்டியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சொல்லாமல் ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டான் என்றுதான் வடிவு நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேலை கொதிகலன் அறையில் என்பதும் தெரியாது. மேல்தளத்தில் ஸ்டோர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அவளுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் நான்தான் படித்துக் காட்டுவது. ஒவ்வொன்றிலும் கடைசியில், அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று ஒரு வரி இருக்கும். அதை விட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்று படிப்பேன். இப்போதெல்லாம் தடுமாறாமல் வருகிறது.

செப். 11, சனி

ஐந்தருவிவரை நடை. கூட்டம் இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்து பீடி.

எது மூழ்குவது? கொண்டல் கூடாது, வகுப்புக்கே அதன் பேர். கோடையில் தளபதி இருக்கிறார். வாடை வடக்கே போயிருக்கிறது. மிச்சம் தென்றல்.

ஒரே மூச்சில் ஆறு பக்கம். குண்டு விழுவது நான் தகட்டைக் குறைத்த இடத்தில்தான். வேறெங்கே விழுந்தாலும் கப்பல் பிழைத்துவிடும், அப்படிக் கட்டியிருக்கிறேன். கொதிகலன்காரன் பேரை மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். ஒன்பது வருஷம் வந்த பேர், வாசகர்கள் கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். எழுதி முடித்ததும் நன்றாகப் பசித்தது. வெட்கமாக இருந்தது.

தபாலில் சேர்த்தாயிற்று.

செப். 23, வியாழன்

சண்டை நின்றதாக ரேடியோவில். வடிவு கேசரி கிண்டினாள். "இனிமே எழுதுவாம்லா," என்றாள். ஆமாம் என்றேன்.

அவன் கடிதம் வரட்டும். வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. இது நிச்சயம்.

பரீட்சைப் படங்கள் திருத்த வேண்டியது 84.

செப். 25, சனி

பத்திரிகை நேற்று வந்தது. சலூனில் யாரோ என் கதையைச் சத்தம்போட்டு வாசித்திருக்கிறார்கள். குமரேசன் கொதிகலன் அறையோடு போய்விட்டான் என்ற இடத்தை மட்டும் காதில் வாங்கிய ஒருவர் கடையநல்லூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். டிராயிங் வாத்தியார் மகன் கப்பலோடு போய்விட்டான், பேரே பேப்பரில் வந்திருக்கிறது என்று வடிவின் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

காலை ஒன்பது மணிக்கு மைத்துனர் துட்டி கேட்க வந்துவிட்டார். கூட இரண்டு பெண்கள், தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அழுகை. ஏழெட்டு வாரமாய்க் கடிதம் இல்லையே, கதையை முந்திக்கொண்டு நிஜமாகவே ஏதாவது வந்துவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நானே பயந்துபோனேன். மைத்துனர் பத்திரிகையை நீட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

வடிவுதான் அவர்களைத் தேற்றினாள். "ஏண்ணே, இது இவுக எழுதுத கதைல்லா. செத்தவன் கொதிகலன்ல நிக்கவன். எம்புள்ள மேல ஸ்டோர்லல்லா இருக்கான்."

மைத்துனர் என்னைப் பார்த்தார். "அப்படித்தான மாப்ள?"

ஆமாம் என்றேன்.

அந்தப் பெண்கள் தலையை முடிந்துகொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு வடிவு அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். கதைக்குக்கூட அந்தப் பேரை வைத்துக் கொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் அவனைப் பிழைக்க வைக்கிறேன் என்றேன். நான் என்ன மனுஷன்.

செப். 28, செவ்வாய்

வெயில். தேங்காயெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மீட்டிங், வீட்டுக்கு வர ஆறு மணி.

குமரேசன் கடிதம் மத்தியானமே வந்திருக்கிறது. நான் வரும்வரை வடிவு பொறுக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த எஸ்தர் டீச்சர் காய்ச்சலில் லீவாம். அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"நல்லா இருக்கானாம்," என்றாள். இலை போட்டாள். சோறு, புளிக்குழம்பு, அவரைக்காய்.

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சண்டை முழுக்கக் கொதிகலன் அறையில்தான் இருந்தானாம். சூட்டில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களாம், இவனுக்கு ஒன்றுமில்லையாம். கடைசியில் அந்த வரி. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக, கையெழுத்துப் போட்டதை இன்னுமா சொல்லவில்லை, என்னை ஓடிப்போனவன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது அப்பா என்று.

வடிவு ரசம் ஊற்றினாள். சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்தால், தகரப் பெட்டி கூடத்தில் திறந்து கிடக்கிறது. நாலு வருஷக் கடிதங்களும் அவள் மடியில். எது முதல், எது பின் என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு டீச்சர் வருதாவ. இதையும் படிச்சுத் தாரேன்னு சொல்லிருக்காவ."

கொடு, நானே படிக்கிறேன், எல்லாவற்றையும் படிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றாள். "நீங்க படிச்சத நான் கேட்டாச்சு."