உன் நோட்டில் விடுபட்ட விசை

நம் கட்டிடத்தில் பேசிக்கொள்வது தவறு. உன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் நான் தெரியாமல் அழித்துவிட்டேன் என்கிறார்கள். வயதாகிவிட்டதாம், எதையோ அழுத்தப் போய் எதுவோ ஆகிவிட்டதாம். இரண்டாம் மாடிக்காரி லிஃப்டில் என் முழங்கையைத் தொட்டு, "போனா போறது மாமி, நம்ம வயசுல இதெல்லாம் சகஜம்" என்று ஆறுதல் வேறு சொன்னாள். தெரிந்துதான் அழித்தேன். திரையில் வந்த எச்சரிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு அழித்தேன்.

போன மாதம், உன் காரியமெல்லாம் முடிந்ததும், உன் மகள் காட்கோபரிலிருந்து வந்து உன் வீட்டைக் காலி செய்தாள். போகும்போது என் கதவைத் தட்டினாள். "ஆன்ட்டி, அம்மாவோட போட்டோ எல்லாம் என் போன்ல இருக்கு. இத பழைய பேப்பர் எடுக்கற ரத்திவாலாவுக்குப் போட மனசு வரல. நீங்க வெச்சுக்கறீங்களா?" லேப்டாப், ஒரு பென்டிரைவ், உன் நோட்டு. மூடியைத் திறந்ததும் விசைகளின் இடுக்கிலிருந்து உன் சந்தனப் பவுடர் வாசனை வந்தது. பொத்தானை அழுத்தினேன். திரையில் இரண்டு பெயர்கள். ஒன்று உன்னுடையது. அதற்குக் கீழே என் கணவருடையது.

நாற்பத்தாறு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவர். அவருக்கு உன் லேப்டாப்பில் தனி இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உனக்கு நினைவிருக்கும். ரிடையர் ஆனபின் அவருக்கு லினக்ஸ் பைத்தியம் பிடித்தது. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவள் நீ ஒருத்திதான். காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு இறங்கி வருவாய். சாப்பாட்டு மேஜையில் நீங்கள் இருவரும், அடுக்களையில் நானும். முதல் நாள் அவர் என்னையும் கூப்பிட்டார். "நீயும் வந்து உக்காரேன்." "அடுப்புல குழம்பு இருக்கு" என்றேன். குழம்பை இறக்கி அரை மணியாகியிருந்தது.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. "அவளுக்கு இதெல்லாம் ஒத்து வராது, விடுங்கோ. ஏதாவது தப்பு வந்தா மெஷினையே முட்டி போட வெச்சுடுவா."

அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். குக்கர் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை. பிறகு இருவரும் சிரித்தீர்கள். என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அதன்பின் ஆறு வருடம் இருந்தார். கேட்டால் ஒட்டுக்கேட்டவளாகிவிடுவேன் என்று கேட்கவில்லை. கான்வென்டில் எல்லா வகுப்பிலும் நான் முதல், நீ இரண்டாவது. எனக்கு ஒத்து வராது என்று சொல்ல, இரண்டாவதாக வந்தவளுக்கு என்ன தகுதி? அவர் அதை மறுத்தாரா, ஆமோதித்தாரா? இத்தனை வருடம் அதுதான் கேள்வி.

அதனால்தான் உன் நோட்டைத் திறந்தேன். சிஸ்டர் பழக்கிய அதே சாய்ந்த கையெழுத்தில், லினக்ஸ் போடுவதற்கான பதினோரு படிகள். முதலிலிருந்து கடைசி வரை படித்து, சிவப்புப் பென்சிலால் இரண்டு இடத்தில் திருத்திய பிறகே லேப்டாப்பைத் தொட்டேன். ஒன்று: பென்டிரைவைச் செருகவும். இரண்டு: லேப்டாப்பை இயக்கவும். மூன்று: மெனு வரும். எனக்கு மெனு வரவில்லை. உங்கள் இரண்டு பெயர்கள்தான் வந்தன. மூன்று நாள் காலை இப்படியே போயிற்று. கடைசியில் கௌரவத்தை விட்டு உன் மகளுக்கு போன் செய்தேன்.

"ஆன் பண்ணின உடனே எஃப் பன்னிரண்டைத் தட்டிண்டே இருக்கணும் ஆன்ட்டி. அம்மா எழுதலியா?"

நீ எழுதவில்லை. போனை வைத்த பிறகுதான் ஏன் என்று புரிந்தது. அந்த விசையை எப்போதும் அவரே தட்டியிருக்கிறார். உனக்கு மெனு தானாக வந்தது. எஃப் பன்னிரண்டு வலது மூலையில் இருக்கிறது. அவர் உன் வலப்பக்கம் உட்காருவார். உனக்கு முன்னால் நீண்ட அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் காபியை நீட்டினால் பேப்பரை விட்டு எழாத கை அது.

இன்னொன்றும் புரிந்தது. அவர் போன மறு வருடம் நீ லேப்டாப்பும் நோட்டுமாக வந்தாய். "புதுசு போடலாம்னு பாத்தேன், மெனுவே வர மாட்டேங்கறதுடி. நீ எதையும் வரி விடாம படிக்கறவ, ஒரு தடவை பாரேன்." "எனக்குத்தான் இதெல்லாம் ஒத்து வராதே" என்றேன். நீ நோட்டை மூடிக்கொண்டு மாடி ஏறிப் போனாய். அன்று நான் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அழிப்பதற்கு முன் அவருடைய கடவுச்சொல்லைத் தேடினேன். என் பெயரைப் போட்டேன். தவறு என்றது. எங்கள் கல்யாண நாளைப் போட்டேன். தவறு. உன் பெயரைப் போட்டுப் பார்க்கவில்லை. அது திறந்துகொண்டால் நான் என்ன செய்வது?

நான்காம் நாள் காலை மெனு வந்தது. பழையதை அழிக்கவா, அதன் பக்கத்திலேயே புதியதை வைக்கவா என்று மரியாதையாகக் கேட்டது. பக்கத்தில் வைத்தால் தினமும் உங்கள் இருவரையும் தாண்டி என் இடத்துக்குப் போக வேண்டும். மாட்டேன். அழிக்கச் சொன்னேன். பெயர் கேட்டபோது முழுப் பெயரையும் இனிஷியலோடு கொடுத்தேன். முடிந்ததும் பென்டிரைவை எடுக்கச் சொன்னது, எடுத்தேன். திரையில் ஒரே பெயர் வந்தது. ஒரு தவறும் இல்லை.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. இது என்னவென்று தெரிந்தவர்கள் நீங்கள் இருவர்தான். அவர் இருக்கும் இடத்துக்கும் நீ எனக்கு முன்னால் போய்விட்டாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

லேப்டாப்பில் இருந்ததை அழித்தாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. எனக்கு ஒத்து வராது என்று நீ சொன்னதற்கு, சிரிப்பதற்கு முன் அவர் என்ன சொன்னார்? நீ நேரில் கேட்டவள். அந்த வாக்கியத்தை, கூட்டாமல் குறைக்காமல், எனக்கு எழுதி அனுப்பு.