முப்பத்தைந்து நாள்

12.2.1990

கடிதம் வந்துவிட்டது. ஜெய்னப் வீட்டுக் கடை விலாசம் கொடுத்திருந்தேன். கணக்கு நோட்டுக்குள் வைத்துத் தந்தாள். "ஏட்டி பேச்சி, ராஜபாளையத்துல எந்தக் கண்மாயில கப்பல் விடப் போற?" என்று ஒரே சிரிப்பு.

தூத்துக்குடியில் மே 1 முதல் பத்து நாள் பாய்மரப் படகுப் பயிற்சி. பெண்களும் சேரலாமாம். மூன்று சான்றிதழ்கள். முதலாவது வாங்கினால் படகில் உதவிக்கு இருக்கலாம். இரண்டாவதற்குச் சுக்கான் பிடிக்கலாம். மூன்றாவது வாங்கியவர் யார் துணையும் இல்லாமல் படகை எடுத்துப் போகலாம்.

யார் துணையும் இல்லாமல்.

அம்மா புரண்டு படுக்கிறாள். நிறுத்துகிறேன்.

13.2

துணியோடு ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும். அப்பா கையெழுத்து வேண்டும். மே 1 அன்று பதினைந்து முடிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் எனக்கு 5.6.1975. முப்பத்தைந்து நாள் குறைகிறது! வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன்தான் பிறந்த மாதம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது சார் போட்ட தேதி. "வேலைக்குப் போனா ஒரு வருசம் கூட நிக்கும்ல" என்றாராம். நான் உண்மையில் பிறந்தது 1974 பங்குனியில், முனிசிபல் ஆஸ்பத்திரியில்.

16.2

மேஸ்திரி சங்கிலிப்பாண்டி மறுபடியும் வந்தார். அப்பா வேலை பார்க்கும் மில்லில் அவர் வைத்ததுதான் சட்டம். மகனுக்கு என்னைக் கேட்கிறார். "செத்தப் பொறுங்க அண்ணாச்சி" என்று அப்பா என்னவோ தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பினார். எத்தனை நாளைக்கு அனுப்புவார்?

18.2

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக் கிணறு. ஜெய்னப் சுற்று எண்ணினாள். பாவாடை காலைச் சுற்றி இழுத்தது. செத்தேன் என்று நினைத்தேன். ஐம்பது மீட்டருக்கு மேலேயே இருக்கும்.

25.2

தூத்துக்குடிக் கடிதத்தோடு வந்த தாளில் ஒரு முடிச்சுப் படம். எவ்வளவு இழுத்தாலும் நழுவாதாம். பாவாடை நாடாவில் போட்டுப் பழகுகிறேன்.

2.3

அப்பாவிடம் பொய் சொன்னேன். பரீட்சைக்கு நகராட்சிப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று. "வாங்கித் தாரேம்மா" என்றார். அவ்வளவுதான். ஒன்றும் கேட்கவில்லை.

6.3

அப்பாவுக்கு அரை நாள் லீவு கிடைக்கவில்லை. நகராட்சிப் பக்கம் போவதால் மேஸ்திரியே சான்றிதழை வாங்கி வருகிறாராம்.

8.3

சான்றிதழோடு வந்த மேஸ்திரி அப்பாவிடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்ன சோலை, பதினாலு பதினாலுன்னு ரெஜிஸ்டரைக் காட்டி என் வாயை அடைச்சியே. இந்தப் பங்குனியோட பதினாறுன்னுல்ல போட்டிருக்கு? வைகாசியில வச்சுக்கிடுவோம். மாட்டேன்னா மில்லுப் பக்கம் வராத."

அவர் போன பிறகு அப்பா கேட்டார்: "எந்தப் பரீட்சைக்கும்மா இது?"

சான்றிதழை வாங்கி நோட்டுக்குள் வைத்தேன்.

"அந்தத் தேதி ஒண்ணை வச்சுத்தாம்மா இம்புட்டு நாளும் அவரைத் தாக்காட்டித் தள்ளிப் போட்டேன்."

நாந்தான். நாந்தான் எடுத்துக் குடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா — நான் மட்டும் சொன்னேனா?

11.3

விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தேன். வயது சரி. நீச்சல் சரி. சான்றிதழ் இருக்கிறது. கையெழுத்து இடம் மட்டும் காலி. கேட்கவில்லை. அப்பா இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

4.4

பரீட்சை எழுத மட்டும் விட்டார்கள்.

1.5

இன்று மேஸ்திரி வீட்டார் பூ வைத்து நிச்சயம் பண்ண வந்தார்கள். வாசலில் சின்னப் பந்தல். காற்றில் ஒரு மூலைக் கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. அப்பா மூன்று தடவை கட்டினார், நிற்கவில்லை. பட்டுப்பாவாடையோடு போய் நான் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரி பலமாக இழுத்துப் பார்த்தார். நழுவவில்லை.

"கெட்டிக்காரிதான்" என்றார்.