கூடாரத்தில் எடுத்த ரத்தம்

அம்மாவுக்கு உன் மகன் வணக்கத்தோட எழுதறது. நான் நல்லா இருக்கேன். உன் மூட்டுவலி எப்படி இருக்கு?

இதய வால்வு மாத்தினதிலிருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறேன் இல்லையா? அதுக்கு மாசாமாசம் ரத்தப் பரிசோதனை செய்யணும். நோய்த்தொற்றுக்குப் பயந்து இந்த மாசம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. நர்ஸம்மாவே போன் போட்டாங்க. "ஆஸ்பத்திரிக்குள்ள வர வேண்டாம், ரத்தம் எடுக்க வாசல்லயே கூடாரம் போட்டிருக்கோம். நீங்க வரலைன்னா நான் ஊசியோட உங்க பேக்கரிக்கே வந்துடுவேன்!"

சிரிச்சுக்கிட்டே போனேன். ரத்தம் எடுக்கறப்போ என் கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு மனுஷக் கை பட்டு எவ்வளவு நாளாச்சும்மா! ரத்தம் அளவுக்கு மேல நீர்த்திருந்ததாம். மாத்திரையைக் குறைச்சாங்க, மறுபடி பார்த்ததுல சரியாயிடுச்சு. பயப்படாதே.

வீடியோவில பேசறப்போ போனை முகத்துக்கு நேரா பிடி. உன் நெத்தியும் மின்விசிறியும்தான் தெரியுது. மின்விசிறி நல்லாத்தான் சுத்துது, ஆனா நான் உன்னைப் பார்க்கணும்.

அடுப்புல ரொட்டி இருக்கு, கருகறதுக்குள்ள ஓடறேன்.