காற்றுப் பக்கத்துக்குப் புது வீடு

ஆனி 3, செவ்வாய்

கச்சான், மேற்குக் காற்று. கொடியில் போட்ட சீலை வேலிக்கு அந்தப் பக்கம். வீடு முழுக்கப் புழுதி.

காலையிலிருந்து சங்கத்தின் இணையத்தளம் திறக்கவில்லை. வெள்ளைத் திரை, ஆங்கிலத்தில் ஒரு வரி. காற்றுப் பக்கமும் சேர்ந்து போய்விட்டது. அரசாங்கத்தின் கடல் அறிவித்தலைப் பார்த்து ஒவ்வொரு நாளும் நான் சுருக்கி எழுதிப் போடுகிற பக்கம்: என்ன காற்று, எவ்வளவு, தொழிலுக்குப் போகலாமா கூடாதா. தொண்டைமானாற்றில் முக்கால்வாசிப் பேர் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வள்ளம் தள்ளுகிறார்கள்.

தளம் இருப்பது லண்டனில், கோபியின் கம்பனிச் சேர்வரில் ஒரு மூலையில். கோபி எங்கள் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் சின்னராசா அண்ணையின் மருமகன். இலவசம். மத்தியானம் அவரிடமிருந்து செய்தி: "சேர்வர் மாத்தினனான் அக்கா, உங்கடை தளம் விடுபட்டுப்போச்சு. சனிக்கிழமை பாக்கிறன்."

சனிக்கிழமை! காற்று சனிக்கிழமை வரை பொறுத்திருக்குமா?

என் கணவர் குகன் சாப்பாட்டுக்கு வந்தபோது கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். "கரையிலை எல்லாரும் என்னைத்தான் பிடிக்கினம். உன்ரை மனுசியின்ரை காத்து எங்கை எண்டு கேக்கினம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். என்னுடைய காற்றாம்.

தளத்தின் பிரதி மடிக்கணினியில் பத்திரம். பென்டிரைவிலும் ஒன்று. வாராவாரம் எடுத்து வைத்தது.

இன்றைய காற்றைக் கையால் எழுதிச் சங்கக் கதவில் ஒட்டினேன்.

ஆனி 4, புதன்

சங்கக் கூட்டம். ஆண்கள் எல்லோரும், நான், ஒரு மின்விசிறி. அதுவும் சுற்றவில்லை.

காசு கட்டிச் சேர்வரில் சொந்தமாக இடம் எடுப்போம் என்றேன். ஹோஸ்டிங்கும் தளத்தின் பெயரும் இரண்டுமே சங்கத்தின் பெயரில்.

சின்னராசா அண்ணை: "சும்மா குடுக்கிறதை ஏன் பிள்ளை விடுவான்?"

"அண்ணை, சும்மா குடுக்கிறவரைக் கெதியாச் செய்யுங்கோ எண்டு கேக்கேலாது."

யாரோ பின்னால் "அதுவும் சரிதான்" என்றார்கள். சி. அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உன்னாலை தனியப் பாக்கேலுமோ?"

"ஏலும்."

அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் நினைவு வந்தது: ஒரு தளத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நான் மாற்றியதே இல்லை. டிப்ளோமாப் படிப்பில் ஒரு பாடம், அவ்வளவே.

அம்மா மருதனார்மடத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொடுத்துவிட்டிருந்தா. இரண்டு பழத்தை நின்றபடியே தின்றேன்.

ஆனி 5, வியாழன்

நாள் முழுக்க ஹோஸ்டிங் தேடல். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு பொருந்தாது. "வரம்பில்லாத இடம்" என்கிறார்கள், கீழே சின்ன எழுத்தில் வரம்பு.

மூன்று இடம் பிடித்து மூன்றுக்கும் ஒரே கேள்விகள்:
– திடீரென்று பெருங்கூட்டம் வந்து பார்த்தால் என்ன செய்வீர்கள்?
– பிரதி தினமும் எடுப்பீர்களா? நான் விட்டுப் போக நினைத்தால் என் பொருளைத் தருவீர்களா?
– ஞாயிற்றுக்கிழமை யார் போன் எடுப்பது?

வெளிநாட்டுப் பெரிய கம்பனி: இயந்திரம் பதில் சொன்னது. எதைக் கேட்டாலும் ஒரே விளம்பரம்.
இரண்டாவது: கூட்டம் கூடினால் தளத்தை "தற்காலிகமாக நிறுத்துவோம்". வேண்டாம்.
மூன்றாவது கொழும்பில் ஒரு சின்ன நிறுவனம். அரட்டைப் பெட்டியில் கசுன் என்றொருவர். என் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே அளவு, அதனால் நன்றாகப் புரிந்தது. கூட்டம் கூடினால் மெதுவாகும், மூடமாட்டோம், அவசரமென்றால் அழையுங்கள், கொஞ்ச நாளைக்கு இடத்தைக் கூட்டிவிடுவேன் என்றார். பிறகு அவரே கேட்டார்: மீன்பிடிச் சங்கத்துக்கு ஏன் பெருங்கூட்டம் வரப்போகிறது?

வள்ளம் ஏதும் காணாமல் போனால் வரும் என்று எழுதினேன். அலுவலக இலக்கம் ஒன்றை அனுப்பினார். பிறகு, "அப்படியானால் என் சொந்த நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்."

மூன்றாவது.

ஆனி 6, வெள்ளி

கோபியோடு கதைத்தேன். தளத்தின் பெயரைச் சங்கத்துக்கு மாற்றித்தரக் கேட்டேன். முகம் வாடியது திரையிலேயே தெரிந்தது.

"என்னிலை நம்பிக்கை இல்லையோ அக்கா? இவ்வளவு காலமும் நான்தானே பாத்தனான்."

"உங்களிலை நம்பிக்கை இருக்கு. உங்களுக்கு நேரம் இல்லை. அது பிழையில்லை, கோபி. கரையிலை நிக்கிற ஆக்களுக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

பின்னால் அவருடைய குழந்தையின் அழுகை. "சரி, இண்டைக்கே அனுப்பிவிடுறன்," என்றார். அனுப்பியும் விட்டார். நல்ல பிள்ளை.

மறக்காமல்: சீனி, மின்சார பில், பாஸ்வேர்டைச் சி. அண்ணைக்கும் ஒரு கடித உறையில்.

ஆனி 8, ஞாயிறு

தளம் புது இடத்தில்!

முதலில் ஏற்றியபோது தமிழெழுத்து எல்லாம் கேள்விக்குறி. காற்றுப் பக்கம் முழுக்கக் கேள்விக்குறி வரிசை. குகன் எட்டிப் பார்த்து, "காத்துக்கே தெரியேல்லைப் போலை," என்றார். முறைத்தேன், போய்விட்டார்.

காரணம் சின்னது. தரவுகளை ஏற்றும்போது எழுத்துமுறையைச் சரியாகச் சொல்லவில்லை. அழித்தேன், சொன்னேன், திரும்ப ஏற்றினேன். மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகத் தமிழ். 'கச்சான்' என்ற சொல்லைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இந்த ஊரில் நானாகத்தான் இருக்கும்.

பெயர் புது இடத்தைக் காட்டுவதற்கு ஒரு நாள்வரை எடுக்குமாம். அதுவரை சிலருக்கு வெள்ளைத் திரை, சிலருக்குத் தளம். பின்னேரம் சி. அண்ணை அழைத்தார். "எனக்குத் திறக்குது. முந்தியிலும் பாக்க வடிவாத் திறக்குது." முந்தியதைப் போலவேதான் இருக்கிறது, ஒன்றும் மாற்றவில்லை.

ஆனி 11, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும்.

நேற்றுப் பின்னேரம் கடலுக்குப் போன தயாளனும் அவருடைய மச்சான் ரூபனும் திரும்பவில்லை. மற்ற வள்ளங்கள் எல்லாம் விடியவே வந்துவிட்டன. போன் வேலை செய்யவில்லை. குகனும் மற்றவர்களும் தேடப் போய்விட்டார்கள். கடற்படைக்கும் சொல்லியாகிவிட்டது.

நேற்று நான் போட்டதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "போகலாம். விடியற்புறம் காற்று எழும்பும், தூரம் வேண்டாம்." அதற்குமேல் நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?

தயாளனின் மனைவி புஷ்பா என் குசினியில் வந்து இருந்தாள். தேத்தண்ணீர் ஆறியது. அழவில்லை. "சுகந்தியக்கா, உங்கடை கொம்பியூட்டரிலை ஏதும் செய்யேலாதோ?"

செய்தேன். தளத்தில் தனிப் பக்கம். தலைப்பு "காணவில்லை". இருவருடைய படம், வள்ளத்தின் படம். நீலம், ஓரத்தில் மஞ்சள் கோடு. புஷ்பா கைபேசியைத் தடவித் தடவி நல்ல படமாகத் தேடினாள். தயாளன் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. கண்டவர்கள் எங்கே, எப்போது கண்டார்கள் என்று நிரப்ப ஒரு பெட்டி. கீழே என் இலக்கம்.

இணைப்பை எல்லோருக்கும் அனுப்பினோம். கோபி லண்டனில் பரப்பினார். அங்கிருந்து கனடா, நோர்வே. பின்னேரத்துக்குள் யார் யாரோ எனக்கே அதைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

குகன் இருட்ட முன் வந்தார். எங்கும் காணவில்லையாம்.

ஆனி 12, வியாழன்

காலையில் பக்கம் மெதுவாகிவிட்டது. திறக்கிறது, ஆனால் சுற்றிச் சுற்றி நிற்கிறது. உலகம் முழுக்கப் பார்க்கிறது. பார்க்கவேண்டிய கரைகளில் தொடர்பு மோசம், இப்படிச் சுற்றினால் பாதியில் மூடிவிடுவார்கள்.

கசுனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "வள்ளமா?" என்று தமிழில் கேட்டார். அந்த ஒரு சொல்லை எங்கே பழகினாரோ. "ஓம், வள்ளம்."

அவர் தன் பக்கத்தில் இடத்தைக் கூட்டினார். நான் என் பக்கத்தில் பக்கத்தை இளைக்கவைத்தேன். குகன் கைபேசியில் எடுத்த வள்ளப் படம் யானை மாதிரி, அதைச் சுருக்கினேன். சேர்வர் ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்துக் கட்டிக் கொடுக்கத் தேவையில்லாமல், எழுத்தும் படமும் அந்தப் பெட்டியும் மட்டும் உள்ள வெறும் பக்கமாக மாற்றினேன். மெனு இல்லை, அலங்காரம் இல்லை. பழைய கைபேசி ஒன்றை எடுத்துக்கொண்டு தொடர்பு குறைந்த இடமாகப் பார்த்து நீரேரிக்கரை வரை நடந்தேன். திறந்தது.

அங்கேயே நின்று அழுதேன். புஷ்பா முன்னால் அழமுடியாதே.

கோபியின் செய்தி: "என்ரை சேர்வரிலை இருந்திருந்தால் நேற்றே விழுந்திருக்கும் அக்கா." இப்படி ஒரு சொல்லை எழுத எல்லோருக்கும் மனம் வராது.

பெட்டியில் நிறையச் செய்திகள். பெரும்பாலும் பிரார்த்தனை. இரண்டொன்று வீண் வதந்தி. எல்லாவற்றையும் படித்தேன். சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள் புஷ்பா.

ஆனி 13, வெள்ளி

காலை. சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கம். ஒரு பெண் குரல்.

"அக்கா, நான் முல்லைத்தீவிலை இருந்து கதைக்கிறன். உங்கடை பக்கத்திலை கிடக்கிற வள்ளம் நீலம்தானே? மஞ்சள் கோடு?"

"ஓம்."

"என்ரை மனுசன் விடியக் கண்டவராம். தூரத்திலை. வலை போட்டுக்கொண்டு நிக்கினம் எண்டு நினைச்சு வந்திட்டார். இப்ப நான் படத்தைக் காட்டினவுடனை எழும்பிட்டார். ஒருத்தர் சாரத்தைக் கம்பிலை கட்டி ஆட்டினவராம், வலைக்குக் கிட்ட வரவேண்டாம் எண்டுறாராக்கும் எண்டு இவர் நினைச்சிட்டார். ரெண்டு வள்ளத்தோடை திரும்பப் போகினம். கடற்படைக்கும் சொல்லியாச்சு."

பக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ. "எங்கடை கரையிலை எல்லாருக்கும் வந்தது. மற்றதுகள் ஒண்டும் இஞ்சை திறக்காது. இது திறந்தது."

சோறு அடிப்பிடித்தது. அப்படியே விட்டுவிட்டுப் புஷ்பா வீட்டுக்கு ஓடினேன், செருப்பில்லாமல்.

மத்தியானத்துக்குப் பிறகு அதே இலக்கம். இந்த முறை ஆண் குரல், கரகரத்த குரல். "சுகந்தியக்கா? தயாளன். புஷ்பா நிக்கிறாளோ?"

போனைப் புஷ்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். குகன் முற்றத்தில். என் தோளைப் பிடித்துக்கொண்டார், எண்ணெய்க் கையோடு.

ஆனி 14, சனி

வேன் ஒன்றில் கொண்டுவந்து இறக்கினார்கள். இருவரும் கறுத்து, உதடு வெடித்து. எஞ்சின் நின்றதாம், பிறகு காற்று கிழக்கே இழுத்ததாம். ரூபனுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன். தயாளன் சோறு கேட்டார்.

கடையில் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க நின்றபோது முன்னால் நின்ற இருவர், என்னைக் காணாமல்:

"உது லண்டன்காரர் செய்தது."

"விசர்க் கதை கதையாதை. எங்கடை குகன்ரை மனுசி செய்தது. சேர்வர் எல்லாம் அவதான் மாத்தினவ."

பாணை வாங்காமல் திரும்பிவிட்டேன். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு குகனை அனுப்பினேன்.

கசுனுக்கு எழுதினேன்: கிடைத்துவிட்டார்கள். தன் அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்களாம். அம்மாவின் மாம்பழம் ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிட வேண்டும்.

ஆனி 17, செவ்வாய்

காற்றுக் குறைவு. காற்றுப் பக்கத்தில் "போகலாம்" என்று போட்டுக்கொண்டிருந்தபோது தயாளனும் புஷ்பாவும் வந்தார்கள். வரும்போதே வாக்குவாதம்.

புஷ்பா: "அக்கா, அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கோ. காணவில்லை எண்டு இவற்றை முகத்தோடை கிடக்கு. பாக்க வயிறு கலங்குது."

தயாளன்: "கிடக்கட்டும். கனடாவிலை இருக்கிற ஆக்கள் எல்லாம் பாத்திருக்கினம். என்ரை படம் இனி எப்ப உப்பிடிப் போறது?"

புஷ்பா: "அதிலை மட்டும்தானே கண்ணைத் திறந்துகொண்டு நிக்கிறியள், அதுதான்."

சிரித்தோம். மூவரும், வெகுநேரம். பிறகு புஷ்பா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்தை அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினேன். 'காணவில்லை' இருந்த இடத்தில் 'கரை சேர்ந்தனர்'. தயாளனின் கைபேசியை வாங்கி அதில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உடனே திறந்தது. அவர் தன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார்.