உன் அம்மா என்னை வெளியே உட்காரச் சொன்ன நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் இருமல் முழுதாக விட்டது என்று தெரிந்தால்தான் அந்தச் சுகம் நிறையும். மாடி ஒழுகலை ஒருவழியாக அடைத்தாயிற்று, உன் தம்பி புது வேலையில் சேர்ந்துவிட்டான். கவுன்சில் கூட்டத்தைப் பற்றி நீ கேட்டதற்கு உன் அம்மா "எல்லாம் நல்லா போகுது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாளாமே. அவள் அப்படித்தான், அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது அவளை நிற்கச் சொன்னது நான்தான். ஆனால் மனசுக்குள், பெயர் அவளுக்கு, அதிகாரம் எனக்கு என்றுதான் நினைத்திருந்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தவளுக்குத் தீர்மானமும் திட்டமும் என்ன தெரியும் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். போன மாதம் தலைவர் ஒரு காகிதம் அனுப்பினார். மார்க்கெட்டில் இருக்கும் பெண்கள் கழிப்பறை பாழடைந்துவிட்டதாம், இடித்துக் கடை கட்டப்போகிறார்களாம். கையெழுத்துப் போடு, தலைவர் நம் தெருவுக்கு ரோடு போட்டுத் தருவார் என்றேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய் வந்தாள். அங்கே காய் விற்கிற பெண்கள் சாயங்காலம்வரை தண்ணீரே குடிப்பதில்லையாம், கழிப்பறை பூட்டியே கிடக்கிறதாம். "பாழாப் போச்சுன்னு எழுதியிருக்காங்க, பூட்டினது யாருன்னு எழுதல" என்றாள்.

கூட்டத்தில் எழுந்து இதையே கேட்டாள். தலைவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன சார், வீட்ல எடுத்துச் சொல்லலையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "அவர்கிட்ட ஏன் கேக்கறீங்க, ஓட்டு எனக்குத்தானே போட்டாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "நீங்க வெளியில உக்காருங்க, முடிச்சிட்டு வர்றேன்" என்றாள். காதெல்லாம் சுட்டது. எழுந்து வராந்தா பெஞ்சுக்குப் போனேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. முதலில் அவள் குரல் நடுங்கியது, போகப் போக நிலைத்தது. அந்தப் பெண்கள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், அவள் பேசுவதை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

இடிக்கும் தீர்மானத்துக்கு நடந்த ஓட்டெடுப்பில் நாலுக்கு நாலு. மிச்சம் இருந்த கவுன்சிலர் பால்கடைக்காரர் மனைவி மட்டும். பதவியேற்ற நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், தீர்மானம் வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்த புருஷன் "கைய எறக்கு" என்று அதட்டியது எனக்கே கேட்டது. இறக்கவில்லை. தீர்மானம் தோற்றது. பால்கடைக்காரர் விறுவிறுவென்று வெளியே வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார், நான் நகர்ந்து இடம் கொடுத்தேன், வேறென்ன செய்ய. போன வாரம் பூட்டைத் திறந்துவிட்டார்கள், தண்ணீரும் வருகிறது. ரோடு மட்டும் இந்த வருஷம் வராது. தெருவில் சிலர் முணுமுணுக்கிறார்கள், நேரில் வந்து கேட்கட்டும் என்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் ஃபோன் செய்து அவளையே இதைச் சொல்லச் சொல். நான் வெளியே அனுப்பப்பட்ட இடத்தை விட்டுவிடப் பார்ப்பாள், அதையும் கேட்டு வாங்கு.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அப்பா